குண்டு விழுந்த ஊரும் கோல்ஃப் பந்தும்

நவம்பர் வந்தால் டொராண்டோ பக்கம் கோல்ஃப் மைதானங்களுக்குப் பூட்டு. மறுபடி திறக்க ஏப்ரல் கடைசி ஆகும். பிள்ளைகள் பள்ளி அணியில் ஆடும் வீடுகளில் அதுவரை கராஜில் வலை கட்டி, பந்தை வலைக்குள் அடித்துப் பழகுவார்கள். பந்து வலையில் மோதி விழுந்துவிடும். மைதானத்தில் அது எங்கே போயிருக்கும் என்று யார் சொல்வது? அதற்குத்தான் லாஞ்ச் மானிட்டர் என்று ஒரு பெட்டி. "அண்ணே, நீங்க பேங்க்ல இருக்கீங்க, எதை வாங்கினா காசு வீணாகாதுன்னு சொல்லுங்க" என்று இந்தக் குளிர்காலத்தில் மட்டும் நாலு குடும்பங்கள் கேட்டுவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கேள்வி ஏதோ விளையாட்டுச் சாமான் பற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். போன குளிர்காலம் முழுக்க கராஜில் பழகினாள். பெட்டி தினமும் "பந்து வலப்பக்கம் வளைகிறது" என்றே காட்டியது. அவளும் அதை நம்பிப் பிடியை மாற்றினாள். மே மாதம் மைதானத்துக்குப் போனால் எல்லாப் பந்தும் இடப்பக்கம்! அஞ்சு மாத உழைப்பு. கோல்ஃப் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்ற கனவுள்ள பெண்ணுக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. பெட்டி ரிப்பேரும் இல்லை. அவர்கள் கராஜின் நீளம் அந்த வகைப் பெட்டிக்குப் போதாது, அவ்வளவுதான். விற்றவர் கராஜ் எத்தனை அடி என்று கேட்கவே இல்லை.

பெட்டி காட்டும் எண்களில் எது அளந்தது, எது கணக்குப் போட்டுச் சொன்னது? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் வரலாறே போதும் என்றால் நம்புவீர்களா? :-)

முதலில் கடலூர். என் அம்மா பிறந்த ஊர். சித்தூரிலிருந்து காட்பாடி, விழுப்புரம் வழியாக ரயிலில் லீவுக்குப் போவோம். அங்கே குண்டு சாலை என்று ஒரு சாலை, குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர். சின்ன வயதில் யாரோ குண்டான ஆள் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜத்தில் அது பீரங்கிக் குண்டு. 1690-இல் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்து விலை பேசினார்கள். எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை! சென்னையிலிருந்து பீரங்கி வந்தது, நாலு பக்கமும் சுட்டார்கள், உள்ளே அகப்பட்ட ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தமாகின. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை.

அந்தக் கிராமத்துக்காரர்களுக்கு அன்று வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்தால் வரி வாங்குகிற ஆளே மாறிவிடுவான். அன்றைக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான்: குண்டு எங்கே விழுந்தது. பீரங்கி வாயை விட்டு அது என்ன வேகத்தில் கிளம்பியது என்று உலகத்தில் யாருக்கும் அளக்கத் தெரியாது.

அதை முதலில் சரியாக அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1742-இல் பீரங்கிக் கலை பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவர் செய்த கருவி ரொம்ப எளிமையானது. ஊஞ்சல் மாதிரி தொங்கும் கனமான ஒரு ஊசல், அதன் முகத்தில் மரப்பலகை. துப்பாக்கிக் குண்டு பலகையில் புதையும். லேசான குண்டின் பெரிய வேகம், கனமான ஊசலின் சின்ன அசைவாக மாறும். ஊசலின் அடியில் ஒரு ரிப்பன் கட்டியிருப்பார். ஊசல் எவ்வளவு ரிப்பனை இழுத்தது என்று பார்த்து, எடைகளை வைத்துக் கணக்குப் போட்டால் குண்டின் வேகம் கிடைத்துவிடும். விநாடிக்கு 1,600 அடிக்கு மேல் வந்தது. ஒலியைவிட வேகம்! இதற்கு 1746-இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் வாங்கினார். என் கணக்கில் உலகத்தின் முதல் லாஞ்ச் மானிட்டர் இதுதான்.

இந்த வேகத்தை வைத்து, குண்டு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ராபின்ஸ் கணக்குப் போட்டார். நிஜமான குண்டு அதில் ஒரு சின்னப் பங்குதான் போனது. காற்றின் தடை மற்றவர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு பெரிது என்பது அப்படித்தான் தெரிந்தது. இன்னொரு விஷயமும் கண்டுபிடித்தார். துப்பாக்கிக் குழாயின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, போகப் போக வலப்பக்கம் திரும்பியது. குழாய்க்குள் உரசி வந்த குண்டு சுழல்கிறது, சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்றார். அவர் புத்தகத்தை 1745-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரை எழுதிய மாமேதை ஆய்லர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, குண்டின் வடிவக் கோளாறு என்றார். இன்று நமக்குத் தெரியும், ராபின்ஸ் சொன்னதுதான் சரி. பிறகு 1852-இல் மாக்னஸ் என்ற ஜெர்மானியர் இதை ஆராய்ந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பந்து "ஸ்லைஸ்" ஆகிறது, "ஹூக்" ஆகிறது என்று நம் பிள்ளைகள் புலம்புவது எல்லாம் இதுதான்.

இதில் நம்ம ஊர் எங்கே வருகிறது என்கிறீர்களா? 1750-இல் ராபின்ஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். கோட்டைகளைப் பலப்படுத்தும் வேலை. வந்து இறங்கியது அதே செயின்ட் டேவிட் கோட்டையில்! அறுபது வருஷம் முன்னால் குண்டு விழுந்த இடத்தை வைத்து ஊர் பிரித்த இடத்துக்கே, குண்டின் வேகத்தை அளந்த ஆள் வந்து சேர்ந்தார். ஒரு வருஷம்தான் இருந்தார். 1751 ஜூலை 29, காய்ச்சலில் அங்கேயே இறந்தார். வயது 44. கோட்டையும் நிலைக்கவில்லை. 1758-இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துத் தள்ளியது.

அடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர், பீட்டர் கத்ரி டெய்ட். எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியர், கோல்ஃப் பைத்தியம். மகன் ஃப்ரெடி 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். (போயர் யுத்தத்தில் 1900-இல் இறந்துபோனார், பாவம்.) பந்து இவ்வளவு நேரம் காற்றில் எப்படி மிதக்கிறது என்பது அப்பாவின் குடைச்சல். பந்தில் ஒரு மெல்லிய நாடாவை ஒட்டி அடித்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது, அந்தச் சுழற்சிதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது என்று 1890-களில் எழுதினார். ராபின்ஸுக்கு ரிப்பன், டெய்ட்டுக்கு நாடா. ஆக வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி, இந்த மூன்றும் தெரிந்தால் பந்து எங்கே விழும் என்று கணக்குப் போடலாம். இன்றைய பெட்டிகள் அத்தனையும் செய்வது இதைத்தான்.

இனி சித்தூர், திருப்பதி. சித்தூரில் வீடு, திருப்பதியில் பி.காம். அந்த எழுபது கிலோமீட்டர் சாலையில் நான் போய் வந்த பஸ்ஸுக்குக் கணக்கில்லை. நடுவில் காதங்கி என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1990-களின் தொடக்கத்தில் நம் விண்வெளித் துறை ஒரு பிரம்மாண்ட ரேடார் வைத்தது. எம்.எஸ்.டி. ரேடார் என்பார்கள். பழைய டிவி ஆன்டெனா மாதிரி 1,024 யாகி ஆன்டெனாக்கள், பக்கத்துக்கு 130 மீட்டர் உள்ள சதுர நிலத்தில். 2005 முதல் அந்த இடத்துக்கு தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்று பெயர். பி.காம் பையனுக்குப் பாலன்ஸ் ஷீட்தான் உலகம், அந்த ரேடார் என்ன அளக்கிறது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஏரோப்ளேனைப் பிடிக்கிற ரேடார் இல்லை அது. காற்றை அளக்கிறது! மேலே அனுப்பிய ரேடியோ அலை, காற்றின் கொந்தளிப்பில் பட்டுத் துளியூண்டு திரும்பி வரும். காற்று நகர்ந்தால் திரும்பி வரும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துக் காற்றின் வேகம் கண்டுபிடிப்பார்கள்.

1842-இல் பிராகாவில் டாப்ளர் சொன்ன தத்துவம் இது. 1845-இல் ஹாலந்தில் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லிச் சோதித்தார்கள். ரயில் கிட்டே வரும்போது விசில் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் கம்மலாகவும் கேட்கிறதே, அதேதான்.

டென்மார்க்கில் பீரங்கிக் குண்டுகளைப் பின்தொடரும் டாப்ளர் ரேடார் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த ஃப்ரெட்ரிக் டுக்ஸன் என்ற பொறியாளர், இந்த வித்தையைக் கோல்ஃபுக்குக் கொண்டுவந்தார். 2003-இல் ட்ராக்மேன் கம்பெனி பிறந்தது. மறுபடியும் பீரங்கியிலிருந்துதான் பாருங்கள்! காதங்கி ரேடாரின் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல், கோல்ஃப் பந்து அதன் கண்ணுக்கே தெரியாது. கோல்ஃப் ரேடாரின் அலை சில சென்டிமீட்டர்தான். தத்துவம் ஒன்றே.

இப்போது கராஜுக்குள் வருவோம். நன்றாக ஆடுபவர் டிரைவரால் அடித்தால் பந்து விநாடிக்குச் சுமார் 70 மீட்டரில் கிளம்பும், நிமிடத்துக்குச் சுமார் 2,700 முறை சுழலும். வலை 3 மீட்டரில் என்றால் பந்து காற்றில் இருப்பது ஒரு விநாடியில் 23-இல் ஒரு பங்கு. அதற்குள் இரண்டு சுற்றுகூட முழுதாகச் சுழலாது. மைதானத்தில் பந்து விழும்வரை கூடவே பார்க்கிற ரேடாருக்கு, வீட்டில் கிடைப்பது இந்தக் கண்சிமிட்டும் நேரம். வேகத்தை நன்றாகப் பிடித்துவிடும். சுழற்சியையும், எந்தப் பக்கம் வளையும் என்பதையும் மலிவான ரேடார்களில் பல ஊகித்துத்தான் எழுதுகின்றன. நண்பர் மகளுக்கு நடந்தது இதுதான்.

கேமரா வகை வேறு மாதிரி. பந்துக்குப் பக்கத்தில் இருந்து, அடித்த உடனே சில படங்கள் எடுக்கும். ஒரு மில்லிவிநாடியில் பந்து 7 சென்டிமீட்டர் நகரும், 16 டிகிரி சுழலும். பந்தின் மேலுள்ள குறிகள் எவ்வளவு திரும்பின என்று பார்த்தால் சுழற்சி கிடைத்துவிடும். அதற்கு மூன்று மீட்டர்கூடத் தேவையில்லை. எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930-களில் மின்னல் விளக்கை வைத்துக் கோல்ஃப் வீச்சைப் படம் பிடித்ததன் வாரிசுகள் இவை.

விலை? மைதானங்களில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் ட்ராக்மேன் 20,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். வீட்டு உபயோகக் கேமராப் பெட்டியாக 2014-இல் வந்த ஸ்கைட்ராக் சுமார் 2,000 டாலர். கார்மின் 2021-இல் விட்ட ஆர்10 என்ற குட்டி ரேடார் 600 டாலர். இவை வந்தபோது இருந்த விலைகள், இன்றைய விலையைக் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் சிபாரிசு. முதலில் பெட்டி வாங்காதீர்கள், அளவு நாடா எடுங்கள்! கூரை 9 அடியாவது இல்லாமல் டிரைவரை வீச முடியாது. நிறைய பேஸ்மென்ட் இங்கேயே அடிபட்டுவிடும். பின்னால் வைக்கும் ரேடாருக்குப் பந்துக்குப் பின்னால் இரண்டு மீட்டர், முன்னால் இரண்டரை மீட்டராவது வேண்டும், அதற்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த இடம் இல்லை என்றால் கேமராதான். வெயில் காலத்தில் மைதானத்துக்கும் எடுத்துப் போவதாக இருந்தால் ரேடார் நல்ல துணை. வீட்டில் ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை என்றால் பக்கத்தில் வைக்கும் பெட்டியை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்ற வேண்டும், அதையும் யோசியுங்கள்.

அடுத்து, சந்தா. பல பெட்டிகளில் திரையில் மைதானம் காட்ட வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். விலையோடு அஞ்சு வருஷச் சந்தாவையும் கூட்டிப் பார்த்தால் "மலிவு" சில சமயம் மலிவாக இருக்காது.

கடைசியாக, கடைக்காரரிடம் ஒவ்வொரு எண்ணையும் காட்டி "இது அளந்ததா, கணக்கிட்டதா?" என்று கேளுங்கள். லோன் ஃபைலில் ஆடிட் ஆன கணக்கும் இருக்கும், அடுத்த வருஷ ப்ரொஜெக்ஷனும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரித் தாளில், ஒரே மாதிரி எழுத்தில்தான் வரும். இரண்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கும் அதிகாரி ரொம்ப நாள் சீட்டில் இருக்க மாட்டார். வாங்கிய பிறகு ஒரு நாள் பெட்டியை மைதானத்துக்குக் கொண்டுபோய், உங்கள் பந்துகளையே அடித்து, திரை சொன்ன தூரத்தையும் திசையையும் பந்து விழுந்த இடத்தோடு ஒப்பிடுங்கள். பேங்க் ரீகன்சிலியேஷன் மாதிரி. வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குளிர்காலத்தில் பிள்ளைகள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கட்டும். பிடியை மாற்றச் சொல்லும் முன் பயிற்சியாளரை ஒரு தடவை நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

பி.கு: இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கோல்ஃப் என்றால் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அதுகள் நினைக்கின்றன. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் கடலூரில் குண்டு சாலையைக் காட்டுங்கள், திருப்பதிக்குப் போகும் வழியில் காதங்கியைக் காட்டுங்கள். கராஜில் இருக்கும் பெட்டியின் தாத்தாவும் பெரியப்பாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.