பெங்களூரில் பிறந்து இலண்டனில் ஓடிய கார்



எங்கள் ரெட்டிபாளையத்துச் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்றால், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் சுமந்து செல்லும் லாரிகளே கண்ணில் படும். அவற்றின் நடுவே ஏறத்தாழ எட்டரை அடி நீளமே உள்ள கார் ஒன்று வருமானால் நாம் நகைப்போம். இலண்டன் மாநகரத்தாரும் நகைத்தனர். நகைத்தவாறே விலை கொடுத்து வாங்கினர். அந்தக் கார் நம் நாட்டில், பெங்களூரில் செய்யப்பட்டது.

சிறிய கார் ஐரோப்பாவுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்களிடம் பணமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இத்தாலியில் 1953இல் தோன்றிய இசெட்டாவுக்கு முகப்பே கதவு. குளிர்பதனப் பெட்டியைத் திறப்பதுபோல் திறந்து உள்ளே அமர வேண்டும். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் எண்ணெய் வரத்துக் குன்றவே, இத்தகைய வண்டிகளை நாடுவோர் பெருகினர். அடுத்த ஆண்டில் பியட் 500 வந்தது. 1959இல் இங்கிலாந்தின் மினி வந்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்துப் பத்தடி நீளத்துக்குள் நால்வரை அமரச் செய்த மினியின் அமைப்பையே பிற்காலத்துக் கார்களுள் மிகப் பல பின்பற்றின.

அதே காலத்தில் நம்மிடம் அறிவு இல்லாமற் போகவில்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1952இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். அரசின் உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று. இதனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

அரை நூற்றாண்டு கழிந்தது. பெங்களூரின் சேதன் மைனி என்னும் பொறியாளரின் முயற்சியால், 2001இல் ‘ரேவா’ என்னும் மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. முன்னால் பெரியவர் இருவர், பின்னால் குழந்தைகள் இருவர் அமரலாம். இருக்கைக்கு அடியில் ஈய மின்கலங்கள் இருந்தன. வீட்டு மின்சாரத்தில் இரவு முழுதும் இணைத்து வைத்தால், மறுநாள் நகருக்குள் சுற்றி வரலாம். ஆயினும் உள்நாட்டில் வாங்குவோர் சிலரே.

அந்நிலையில் இலண்டன் கைகொடுத்தது. 2003 பிப்ரவரியில், நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து பவுன் கட்டணம் விதிக்கப்பட்டது. மின்சாரக் கார்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. 2004 முதல் ‘ஜி-விஸ்’ என்னும் பெயருடன் ரேவா அங்கே ஓடலாயிற்று. இரு நாட்டிலும் வண்டிகள் இடப்புறமே செல்வதால், சுக்கானை இடம் மாற்றும் வேலையும் இல்லை! ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்நாட்டில் விற்பனையாயின. தூய காற்றின்மீது கொண்ட காதல் பாதி என்றால், கட்டணத்தின்மீது கொண்ட அச்சம் பாதி என்பதே என் கருத்து.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியச் சட்டம் இதனைக் கார் என்று கொள்ளவில்லை. எடையும் ஆற்றலும் குறைந்த ‘நாற்சக்கர வண்டி’ என்னும் தனி வகையில் சேர்த்தது. அவ்வகைக்குக் காருக்குரிய மோதல் சோதனைகள் கட்டாயமில்லை. அச்சலுகை இல்லையேல் ஜி-விஸ் இலண்டனை எட்டியிராது. அச்சலுகையே அதன் குறையையும் மறைத்தது. 2007இல் நடத்திய மோதல் சோதனைகளில், உள்ளிருப்போர்க்குப் பெருந்தீங்கு நேரும் என்பது வெளிப்பட்டது. பின்னர் வந்த வண்டிகளில் சட்டத்தை உறுதிப்படுத்தி, முன்சக்கரங்களுக்குச் சிறந்த தடைகளும் பொருத்தினர். சிறுமையை எள்ளியவர்களைவிட, காப்பு எங்கே என்று கேட்டவர்களே அந்த வண்டிக்கு நன்மை செய்தவர்கள் என்பேன்.

2010இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது. 2012இல் ரேவாவின் உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டிலேயே, லித்தியம் மின்கலத்துடன் அதன் வழித்தோன்றல் பெங்களூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.