உகுலேலேவுக்குக் காதுகுத்து

உகுலேலேன்னா நாலு கம்பி வெச்ச குட்டி கிடார், அவ்வளவுதானேன்னு நினைக்கிறவங்க அதோட தலையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. முறுக்குற குமிழ் நாலும் பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருந்தா அது பழைய கட்சி. ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா, அங்கே பல்சக்கரம் இருக்குன்னு அர்த்தம். சும்மா ஒரு உகுலேலே செஞ்சு பார்ப்போமேன்னு மரத்தைக் கையில எடுத்தப்பதான், இந்தக் காது முளைக்க ஏன் இவ்வளவு காலம் ஆச்சுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

1879 ஆகஸ்ட் 23 அன்று ராவென்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுவுக்கு வந்து சேர்ந்தது. போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த கூட்டம். அதில் மூணு பேர் மர வேலைக்காரர்கள்: மானுவெல் நுனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ. தங்கள் ஊர் மஷேட் வாத்தியத்தை ஹவாயின் கோவா மரத்தில் செய்ய ஆரம்பிச்சாங்க. அதுதான் உகுலேலே ஆச்சு. கம்பியைப் பிடிக்க நம்ம வீணை மாதிரியே மரப் பிரடை. துளைக்குள் உரசல்தான் அதை நிறுத்தி வைக்கும்.

பல்சக்கரம் அப்போ தெரியாத விஷயமான்னா, அதுவும் இல்லை. 1820களிலேயே வியன்னாவில் ஸ்டாஃபர் தன் கிடார்களில் அதை வெச்சுட்டார். அவரிடம் தொழில் பழகிய சி.எஃப். மார்ட்டின் 1833-ல் அமெரிக்கா போனார். அவர் ஆரம்பிச்ச அதே மார்ட்டின் கம்பெனி 1916-ல் உகுலேலே விற்க வந்தப்ப என்ன வெச்சாங்க தெரியுமா? மரப் பிரடை! அப்புறம் உலோகப் பிரடை வந்தது. அதுவும் திருகை இறுக்கி உரசலைக் கூட்டுற வகைதான்.

காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லைன்னு எனக்குத் தோணுது. சின்ன உகுலேலேவைப் பட்டை இல்லாம நெஞ்சோட அணைச்சு வாசிக்கிறோம். தலையில் இரும்பு ஏறினா முன்பக்கம் சாயும்.

ஆனா கணக்கைப் பாருங்க. 6 மி.மீ. தண்டு ஒரு சுற்று சுத்தினா சுமார் 19 மி.மீ. கம்பியைச் சுருட்டும். கம்பியின் நீளமே 35 செ.மீ.தான்! பிரடையை மயிரிழை அசைச்சாலும் சுருதி எங்கேயோ ஓடிடும். 14:1 பல்சக்கரத்தில் குமிழை முழுசா ஒரு சுற்று சுத்தினாலும் நகர்றது சுமார் 1.3 மி.மீ. இன்னொண்ணு, திருகு சக்கரத்தைச் சுத்தும். சக்கரம் திருகைச் சுத்தாது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் தானா அவிழாது. புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

அதனால நான் செய்யறதுல காதுதான். பொருத்தும்போது கவனிக்க வேண்டியது: இடதுக்கு ரெண்டு, வலதுக்கு ரெண்டு தனி ஜோடி. தண்டின் உயரத்துக்கு ஏத்த மாதிரி தலையின் கனம். துளை நேரா இருக்கணும். சாய்ஞ்சா தண்டு இறுகும். குட்டித் திருகுக்கு முதல்ல சின்னத் துளை போட்டு, சோப்பு தடவி இறக்குங்க. இல்லேன்னா தலை முறிஞ்சிடும். பாலிஷுக்கு முன்னாடியே ஒரு தடவை மாட்டிப் பார்த்துக் கழட்டிடுங்க.

ஒருத்தர் பழைய கோவா மர உகுலேலேவைக் கொண்டு வந்து "இதுக்கும் காது வெச்சுக் குடுங்க"ன்னார். மாட்டேன்னுட்டேன். மரப் பிரடையின் துளை ஒரு பக்கம் அகலமா, மறுபக்கம் குறுகலா இருக்கும். அதை நேர்த்துளையா குடைஞ்சுட்டா, அதைச் செஞ்ச கையோட அடையாளம் போயிடும், திரும்ப வராது. பிரடை நழுவினா சாக்பீஸ் பொடியும் சோப்பும் போதும்னு சொல்லி அனுப்பினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பார்வைக்குப் பழைய பிரடை, உள்ளே 4:1 பல்சக்கரம்னு பின்பக்கம் நீட்டுற வகையும் இப்போ கிடைக்குது. காது பிடிக்காதவங்க புது வாத்தியத்தில் அதை வெச்சுக்கலாம்.

என் கட்சி இதுதான்: பிறக்கப் போற குழந்தைக்குத் தாராளமா காது குத்துங்க. நூறு வயசுப் பாட்டியை விட்டுடுங்க :-)