கொட்டானின் விலை

ராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட மண் பனைமரத்துக்கு மட்டும் ஒருநாளும் வஞ்சனை செய்ததில்லை. சாயல்குடிப் பக்கத்துத் தேரியிலிருந்து ராமேசுவரம் தீவின் மணல் வரை பனைதான் ஏழையின் சொத்து. பதநீர், கருப்பட்டி, கிழங்கு என்று வயிற்றுக்குக் கொடுத்ததோடு நில்லாமல், பாயும் விசிறியும் கொட்டானும் முடைய ஓலையையும் கொடுத்தது.

இவற்றுள் கொட்டானை ஓர் அழகுப் பொருளாகவே ஆக்கியவர்கள் செட்டிநாட்டு ஆச்சிமார்கள். 1985ஆம் ஆண்டில் சிவகங்கை தனி மாவட்டமாகும் வரை காரைக்குடியும் ராமநாதபுரம் ஜில்லாதான். கல்யாணச் சீருக்கும் வெற்றிலை பாக்கு வழங்கவும் வண்ண ஓலையில் முடைந்து, நூற்பின்னலும் மணியும் கோத்துக் கொட்டான் செய்தார்கள். விற்பதற்காக அல்ல, வீட்டுக்காக. அதனால் அந்த உழைப்புக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

பிறகு பிளாஸ்டிக் கூடை வந்தது. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் போயின. முடையத் தெரிந்த விரல்கள் முதியவர்களுடையவை மட்டுமே என்ற நிலை ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டில் விசாலாட்சி ராமசுவாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை இந்தக் கலையைக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்து, கூலி கொடுத்து, கொட்டானைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இங்கேதான் வாங்குகிறவருக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. “லாப நோக்கம் இல்லை என்கிறார்கள், ஓலையோ மரத்தில் காய்ப்பது, பின் ஏன் இவ்வளவு விலை?”

மரமேறிக் குருத்தோலை வெட்ட வேண்டும். வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, சாயத்தில் கொதிக்க வைத்து, மறுபடி காயவைத்த பிறகே முடைய உட்காரலாம். ஆச்சியின் வீட்டில் கணக்கில் வராத அந்த நேரம் இப்போது கணக்கில் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். லாபம் இல்லை என்றால் கூலியும் இல்லை என்று பொருளல்லவே!

இந்த வழக்கு புதிதன்று. 1925இல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கமும் லாபத்துக்காக நடந்ததல்ல. ஆனாலும் நூற்கும் பெண்ணுக்குக் கிடைத்தது சொற்பக் காசு. கதர் மலிவாக இருக்க வேண்டுமென்று அவள் வயிறு சுருங்கியது. 1935இல் காந்தியடிகள் இதைச் சகிக்கவில்லை. எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணாவாவது வேண்டும் என்றார். விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று கதர் ஊழியர்களே அஞ்சினார்கள். எட்டணா உடனே கைகூடவில்லை. ஆனால் கூலியை உயர்த்தத்தான் வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். 1946இல் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போன எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்க மாது, அங்கே ஏழைப் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளை வாங்கி வந்து தம் அக்கம்பக்கத்தாரிடம் விற்றார். அந்தச் சிறு வியாபாரமே பின்னால் ‘டென் தௌசண்ட் வில்லேஜஸ்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது.

அதற்காக, இரக்கப்பட்டு எதையும் வாங்க வேண்டுமென்று சொல்ல வரவில்லை. இரக்கம் ஒரு முறை வாங்கும். இரண்டாம் முறை வாங்காது. கொட்டானைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு பிரிந்திருந்தால், சாயம் கையில் ஒட்டினால், வேறு ஒன்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் குறையில்லாத கொட்டானைக் கையில் வைத்துக்கொண்டு பத்து ரூபாய் குறைக்கச் சொல்லும்போது, அந்தப் பத்து ரூபாய் எந்த முதலாளியின் பெட்டியிலிருந்தும் வரப்போவதில்லை. முடைந்தவளின் மடியிலிருந்துதான் வர வேண்டும்.