தபால் தலை அளவில் ஒரு குழி

கல்கத்தாவில் வாழும் நேயர்கள், 1829-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய கோல்ப் கழகத்தை அறிந்திருக்கக்கூடும். அவ்வாட்டத்தை அங்கே கொண்டுவந்தவர்களின் நாடாகிய ஸ்காட்லாந்தில், ட்ரூன் என்னும் கடற்கரையூர் மைதானத்தின் எட்டாவது குழி மிகப் பிரசித்தமானது. அதன் தூரம் 123 கஜந்தான். ஓப்பன் பந்தயம் நடைபெறும் மைதானங்களில் இதனினும் குறுகிய குழி கிடையாது. மூன்று அடிகளில் முடிக்கவேண்டும். எளிதுதானே என்று தோன்றும்!

1909-இல் அமைக்கப்பட்டது இக்குழி. மேட்டில் நின்று, இடையிலுள்ள தாழ்வைக் கடந்து, மணற்குன்றின் விலாவில் ஒட்டிக்கிடக்கும் சிறு புல்தரையில் பந்தை இறக்கவேண்டும். சுற்றிலும் ஐந்து மணற்பள்ளங்கள். ஒன்றின் பெயர் 'சவப்பெட்டி'. கடற்காற்றோ எவர் சொல்லையும் கேட்பதில்லை. பழைய சாம்பியனான வில்லி பார்க், தபால் தலை அளவுக்குச் சீவப்பட்ட தரை என்று இதனைப் பற்றி எழுதினார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

1950-ஆம் ஆண்டு ஓப்பன் பந்தயத்தில் ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்னும் ஜெர்மானிய அமெச்சூர் ஆட்டக்காரர் இங்கே வந்தார். பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அதிலிருந்து கிளப்பினால் தரையைத் தாண்டி மறுபுறப் பள்ளத்தில் விழும். அங்கிருந்து அடித்தால் மீண்டும் இப்புறம்! பாவம், பதினைந்து அடிகள் ஆயின.

அமெரிக்கரான ஜீன் சாராசன், 1923-இல் இளம் வீரராக ட்ரூனுக்கு வந்து, பந்தயத்திற்குத் தகுதி பெறாமலே திரும்பியவர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், தமது எழுபத்தோராம் வயதில் மீண்டும் வந்தார். எட்டாவது குழியில் ஒரே அடி. பந்து உள்ளே போய்விட்டது. மறுநாள் பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து அடித்த இரண்டாம் அடியிலேயே அதனைக் குழிக்குள் செலுத்தினார். இரு நாட்களிலும் அக்குழியில் பந்தை உருட்டும் மட்டையை அவர் கையில் எடுக்கவேயில்லை.