மூடிய ரயில் பாதை மீண்ட கதை

"ரயிலா, பேருந்தா?" என்பது இன்றைய மன்றத்தின் தலைப்பு. இந்தக் கேள்விக்கு ஒரு நகரம் இரண்டு முறை பதில் சொன்னது. முதல் பதிலை நான்கே ஆண்டுகளில் அதுவே மாற்றியும் கொண்டது. அந்த நகரம், மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்.

பெர்த்தின் முதல் ரயில் பாதை 1881இல் திறக்கப்பட்டது. ஃபிரிமாண்டல் துறைமுகத்தில் தொடங்கி, பெர்த் வழியாகக் கில்ட்ஃபோர்ட் வரை அது சென்றது. கப்பலில் வந்த சரக்கும் மக்களும் அந்தப் பாதையில்தான் உள்ளே போனார்கள். ரயில் நிலையங்களை ஒட்டியே குடியிருப்புகளும் வளர்ந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் பெருகின. விரைவுச்சாலைகள் வந்தன. ரயிலில் கூட்டம் குறைந்தது. 'நட்டத்தில் ஓடும் ரயில் எதற்கு? பேருந்து போதுமே' என்ற பேச்சு எழுந்தது. சர் சார்ல்ஸ் கோர்ட் தலைமையிலான மாநில அரசு, 1979 செப்டம்பரில் ஃபிரிமாண்டல் பாதையில் பயணிகள் சேவையை நிறுத்தியது. அதே ஆண்டில்தான் ஈரானியப் புரட்சியை அடுத்து உலகெங்கும் எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்!

மக்கள் சும்மா இருக்கவில்லை. 'ரயில்வேயின் நண்பர்கள்' என்ற இயக்கம் உருவானது. அதன் முன்னணியில் நின்றவர் பீட்டர் நியூமன் என்ற கல்வியாளர். கூட்டங்கள் நடந்தன. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் அரசு அசையவில்லை. ரயில் ஓடாவிட்டாலும் தண்டவாளம் மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. பின்னாளில் கைகொடுத்தது அதுதான்.

1983 பிப்ரவரித் தேர்தலில் ஆட்சி மாறியது. பிரையன் பர்க் தலைமையிலான தொழிற்கட்சி அரசு, தேர்தலில் சொன்னபடி அதே ஆண்டு ஜூலையில் ஃபிரிமாண்டல் பாதையை மீண்டும் திறந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் ரயில் பாதைகள் மின்மயமாயின. வடக்கே ஜூண்டலப்புக்குப் புதிய பாதை போடப்பட்டது. அதன் பெரும்பகுதி விரைவுச்சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. வீட்டுப் பக்கத்தில் பேருந்து ஏறி, நிலையத்தில் ரயிலுக்கு மாறும் ஏற்பாடும் வந்தது. 2007 டிசம்பரில், ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரமுள்ள மண்டுரா பாதை தெற்கே திறக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடியாக இருந்த ரயில் பயணங்கள், 2010களில் ஆறு கோடியைத் தாண்டின. 2022இல் விமான நிலையத்துக்கும் ரயில் போனது.

சிங்கப்பூரிலும் இதே விவாதம் நடந்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். பேருந்துகளே போதும் என்று 1980இல் வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்று கூறியது. அரசு 1982இல் எம்ஆர்டியைத் தேர்ந்தெடுத்தது. 1987 நவம்பரில் முதல் ரயில் ஓடியது.

ஆக, பெர்த் நமக்குச் சொல்வது என்ன? பேருந்து வேண்டாம் என்பதல்ல. ரயிலும் பேருந்தும் கைகோத்தபோதுதான் அங்கே இரண்டும் பிழைத்தன. ஒரு பாதையில் இன்று எத்தனை பேர் போகிறார்கள் என்று மட்டும் எண்ணி அதை மூடிவிட்டால், நாளை வரப்போகிறவர்களை யார் எண்ணுவது? அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து இன்றைய விவாதத்தைத் தொடங்குவோம்.