பூனையின் நிறமும் ஒரு திருத்தப் பதிவும்



வங்கியில் 34 வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. லெட்ஜரில் தப்பாக எழுதிவிட்டால் அதை அழிக்கக் கூடாது, சுரண்டவும் கூடாது. தப்பு தெரியும்படியே விட்டுவிட்டு, திருத்தப் பதிவு ஒன்று போட்டுக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கட்டுரை அப்படி ஒரு திருத்தப் பதிவு.

சென்ற வருட மழையில் நம் பி பிளாக் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு தாய்ப்பூனையும் நான்கு குட்டிகளும் தண்ணீரில் மாட்டிக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தாய், கறுப்பும் செவலையும் திட்டுத் திட்டாகக் கலந்தது. குட்டிகளில் ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். நான்காவதுக்கு உடம்பு பால் வெள்ளை, மூக்கும் காதும் வாலும் மட்டும் லேசான பழுப்பு, கண்கள் நீலம். வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டதும் வந்த முதல் கேள்வி: "இதுல எது பிரீடு, சார்?"

குட்டிகளுக்குச் சீக்கிரம் வீடு கிடைக்க வேண்டுமே என்ற ஆசையில், "நான்காவது சயாமீஸ் கலப்பு" என்று எழுதியவன் நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை. கண் நீலமாக இருந்தது, எழுதிவிட்டேன். அன்று மாலையே அதற்கு வீடு கிடைத்தது. செவலையும் சாம்பலும் ஒரு மாதத்துக்குள் போய்விட்டன. கறுப்பை ஒருவரும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து 'சயாமீஸ்' திரும்பி வந்தது. "உடம்பெல்லாம் கறுத்துக்கிட்டே போகுது, நீங்க சொன்ன ஜாதி இல்ல போல" என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சான்றிதழ் கொடுத்தது நான். அதில் என்ன தப்பு என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

நிறம் முந்தியதா, இனம் முந்தியதா?

தெருவில் அழகான நிறத்தோடு ஒரு பூனையைக் கண்டால் நாம் என்ன நினைக்கிறோம்? எங்கோ ஓர் உயர்ந்த ஜாதிப் பூனையின் ரத்தம் இதில் கலந்திருக்கிறது என்று நினைக்கிறோம். வரலாறு இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

வீட்டுப் பூனைகள் எல்லாமே வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பகுதியில் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையின் வழிவந்தவை. தானியம் சேர்த்து வைத்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழியை ஒட்டி, ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தக் காட்டுப்பூனைக்கு மெல்லிய வரிகள் ஓடிய மண் நிறம். நம் கார் பார்க்கிங்கில் படுத்திருக்கும் சாதாரண வரிப்பூனையின் உடையே அதுதான்.

மற்ற நிறங்கள் மரபணுவில் எப்போதோ நேர்ந்த சிறு எழுத்துப் பிழைகளால் வந்தவை. காட்டில் நிறம் மாறிய பூனை இரையின் கண்ணில் எளிதில் படும். எலி பிடிக்கத் தானியக் கிடங்கும் கப்பலும் இருந்த இடத்தில் அந்தக் கஷ்டம் குறைவு. மனிதருக்கும் புது நிறம் பிடித்தது. வரிகள் அகன்று சுழல் சுழலாக வரும் கோலத்துக்கான மரபணு மாற்றம் 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் துருக்கிப் பகுதியில்தான் முதலில் தென்படுகிறது. பழைய பூனை எலும்புகளின் டி.என்.ஏ.வைப் படித்து 2017-இல் இதைச் சொன்னார்கள்.

இனம் எப்போது வந்தது? 1871 ஜூலை 13 அன்று, லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் என்ற ஓவியர் ஒரு பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார். சுமார் 170 பூனைகள் வந்தன. எதற்குப் பரிசு, எந்த அளவுகோல் என்று எழுதி வைக்கும் வழக்கம் அங்கேதான் வேரூன்றியது. 1887-இல் பிரிட்டனில் தேசியப் பூனைக் கழகம் தொடங்கியது, வெயர்தான் முதல் தலைவர். வம்சப் பதிவேடுகள் அதன் பிறகு பெருகின. இன்று நாம் சொல்லும் பூனை இனங்களில் பெரும்பாலானவை கடந்த 150 வருடத்துக்குள் உருவாக்கப்பட்டவை.

வரிசை புரிகிறதா? முதலில் தெருப்பூனை, பிறகு நிறம், கடைசியில் இனம். தெருவில் ஏற்கெனவே இருந்த நிறத்தைப் பொறுக்கி எடுத்துத்தான் இனம் செய்தார்கள். பேரனைப் பார்த்துத் தாத்தா பிறந்ததாகச் சொல்ல முடியுமா? பெயரை நம்பினாலும் ஏமாற்றம்தான். 2008-இல் வந்த ஒரு மரபணு ஆய்வில், இன்றைய 'பெர்ஷியன்' பூனைகள் ஈரான் பக்கத்துப் பூனைகளோடு சேராமல் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடு சேர்ந்து நின்றன.

செவலையின் கணக்கு

நம் தாய்ப்பூனைபோலக் கறுப்பும் செவலையும் கலந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பது ஏன் என்ற கேள்வி விஞ்ஞானிகளை நூறு வருடத்துக்கு மேல் உட்கார வைத்தது. 1904-இல் கேம்பிரிட்ஜில் லியோனார்டு டான்காஸ்டர் இதை ஆராய்ந்து எழுதினார். செவலை நிறம் எக்ஸ் குரோமோசோமில் ஏறி வருகிறது என்பது பிறகு தெளிவானது. ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே செவலை ஆண் குட்டியின் செவலைக்குத் தகப்பன் பொறுப்பே இல்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் செவலை, மற்றதில் கறுப்பு இருக்கலாம்.

இரண்டும் இருந்தால் நிறம் கலங்கிப் போகாமல் திட்டுத் திட்டாக வருவது எப்படி? 1949-இல் கனடாவில் மரே பாரும் எவர்ட் பெர்ட்ராமும் பெண் பூனைகளின் நரம்புச் செல்களில் ஒரு கறுத்த புள்ளியைக் கண்டார்கள். ஆண் பூனையில் அது இல்லை. 1961-இல் பிரிட்டனின் மேரி லயன் எலிகளை ஆராய்ந்து விளக்கம் தந்தார். பெண்ணின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடி வைத்துவிடுகிறது. நம் பாஷையில் சொன்னால் அது டார்மன்ட் அக்கவுன்ட்: கணக்கு இருக்கிறது, வரவு செலவு கிடையாது. எந்தச் செல்லில் எதை மூடுவது என்பது கருவிலேயே குருட்டாம்போக்கில் முடிவாகிறது. செவலையை மூடிய இடம் கறுப்பு, கறுப்பை மூடிய இடம் செவலை. மூன்றாயிரத்தில் ஒன்றாக வரும் ஆண் கலவைப் பூனைக்குப் பெரும்பாலும் ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும்.

2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் 'ரெயின்போ' என்ற முந்நிறப் பூனையின் செல்லிலிருந்து உலகின் முதல் குளோனிங் பூனை பிறந்தது. மரபணு அச்சு அசல். ஆனால் குட்டியிடம் செவலைத் திட்டு ஒன்றுகூட இல்லை! செவலைக்குக் காரணமான மாற்றம் எது என்று 2025-இல்தான் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே உறுதி செய்தன. எக்ஸ் குரோமோசோமில் சுமார் 5,100 எழுத்துகள் விடுபட்ட ஓர் இடம். பரிசோதித்த செவலைப் பூனைகளில் எல்லாம் அதே விடுபாடு. எங்கோ ஒரு பூனையிடம் நேர்ந்தது உலகமெல்லாம் பரவியிருக்கிறது.

கறுத்துப்போன 'சயாமீஸ்'

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வெளிர் உடம்பும் கறுத்த முகமும் கொண்ட கோலம், நிறத்தை உண்டாக்கும் ஒரு நொதி சூட்டில் வேலை செய்யாமல் போவதால் வருவது. உடம்பின் சூடான பகுதி வெளுத்திருக்கும். குளிர்ந்த பகுதிகளான மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுக்கும். தாயின் வயிற்றுச் சூட்டில் இருந்ததால் குட்டி வெள்ளையாகவே பிறக்கும். 1930-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இந்தப் பூனைகளின் ரோமத்தை ஓரிடத்தில் சிரைத்துக் குளிரில் வைத்தார்கள். புதிய ரோமம் கறுப்பாக முளைத்தது.

ஆகவே வயது ஏற ஏற உடம்பு மங்குவதும், ஏ.சி. அறையில் வளர்ந்தால் இன்னும் கறுப்பதும் இந்த மரபணுவின் இயல்பு. வம்சப் பத்திரம் உள்ள சயாமீஸும் அப்படித்தான் கறுக்கும். 'கறுத்ததால் சயாமீஸ் இல்லை' என்று அவர்கள் சொன்னதும் தப்பு, 'வெளுத்ததால் சயாமீஸ்' என்று நான் எழுதியதும் தப்பு.

சயாம் நாட்டின் பழைய பூனை ஏடுகளிலேயே இந்தக் கோலத்தின் ஓவியம் இருக்கிறது. 1880-களில் பாங்காக்கிலிருந்து பிரிட்டனுக்குப் போன சில பூனைகளை வைத்துத்தான் 'சயாமீஸ்' என்ற பதிவு இனம் வளர்ந்தது. அதே மரபணு தென்கிழக்கு ஆசியத் தெருக்களில் இன்றும் தாராளமாக ஓடுகிறது. இது ஒடுங்கி நிற்கும் மரபணு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டியில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் வெளியே தெரியாமல் பல தலைமுறைக்கு 'கேரி பார்வேர்ட்' ஆகிக்கொண்டே போகும். நம் குட்டியின் மூதாதையரில் யாரோ வளர்த்துக் கைவிட்ட சயாமீஸ் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரோமத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. பரிசோதனைகூட நிற மரபணுவை உறுதியாகச் சொல்லும். இனத்தைப் பற்றி, கைவசம் உள்ள மாதிரிகளில் எதோடு ஒத்துப்போகிறது என்று மட்டுமே சொல்லும்.

கறுப்புக்கும் இதே கதைதான். வரியை எழுதும் மரபணு இரண்டு பக்கமும் பழுதானால் பூனை முழுக் கறுப்பாகிறது. அந்தக் கறுப்பின் மேல் நிறத்தை வெளுக்கும் இன்னொரு மாற்றம், அதுவும் இரண்டு பக்கமும் வந்தால், சாம்பல். நாம் ஆசையாகத் தூக்கிச் சென்ற சாம்பல் குட்டி, நாம் ஒதுக்கிய கறுப்புக் குட்டிதான், ஒரே ஒரு திருத்தம் கூடியது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம்மூரில் குறுக்கே போனால் சகுனம் பார்க்கிறோம். இங்கிலாந்தில் பல இடங்களில் கறுப்புப் பூனை எதிரே வந்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். பூனை என்னவோ தன் வேலையாகத்தான் போகிறது.

இனி என்ன செய்யலாம்?

தாய்ப்பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து, பழையபடி பி பிளாக்கில் இருக்கிறது. திரும்பி வந்த குட்டியும் கறுப்புக் குட்டியும் இப்போது என் வீட்டில். வந்த முதல் வாரம் அது கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. ஆறு மாதம் பழகிய வீட்டை விட்டு வந்த குட்டிக்கு, தன் நிறம்தான் குற்றம் என்று யார் சொல்வது? கறுப்புதான் பக்கத்தில் போய்ப் போய்ப் படுத்து அதை வெளியே கொண்டுவந்தது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பூனை, நாய் தத்துக் கொடுக்கும் நம் படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தில், பத்திரம் இல்லாத எல்லாவற்றுக்கும் 'நாட்டுப் பூனை', 'நாட்டு நாய்' என்றே எழுதுவோம். வயது, தடுப்பூசி, கருத்தடை, குணம் ஆகியவற்றை விவரமாக எழுதுவோம். வளர்க்கப்போகிறவருக்கு வேண்டியது அதுதான். பூனைக்குமா குலம் கோத்திரம் பார்ப்பது?

என் திருத்தப் பதிவு இதோ: "நான்காவது குட்டி, சயாமீஸ் கலப்பு" என்று இருப்பதை, "நாட்டுப் பூனை, பெண், தடுப்பூசி போட்டாயிற்று, மடியில் படுக்கும், இடிச் சத்தத்துக்குப் பயப்படும்" என்று படிக்கவும். இரண்டையும் சேர்த்து வளர்க்க மனம் உள்ளவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பார்க்கலாம். யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை, அவை எங்கும் போகப்போவதில்லை.



— ஏ பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்