தசைப் பலத்தை அளவிடல்

தசைப் பலம் என்பது ஒருவர் தம் முழு முயற்சியையும் செலுத்துகையில் ஒரு தசையோ தசைக்கூட்டமோ பிறப்பிக்கக்கூடிய உச்ச விசையாகும். நோயினால் ஒருவருடைய பலம் குன்றியிருக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், அவரையொத்த வயதும் தேகவாகும் உடைய ஆரோக்கியசாலிகளின் பலம் இன்னதென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதை நிர்ணயிப்பதோ எளிய காரியமன்று.

வைத்தியசாலைகளில் பெருவழக்காயுள்ள முறை, பரிசோதகர் தம் கையாலேயே எதிர்த்தழுத்திப் பார்ப்பதாகும். இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட குழந்தைகளுக்காகப் பாஸ்டன் நகரில் ராபர்ட் லவெட் என்ற வைத்தியரும் அவருடைய உதவியாளரான வில்ஹெல்மின் ரைட் அம்மையாரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இம்முறைக்கு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1943-இல் 0 முதல் 5 வரை படிகளை வகுத்தது. தசையில் அசைவே தோன்றாவிடில் 0. பூமியின் ஈர்ப்பை எதிர்த்து அங்கத்தை உயர்த்த முடிந்தால் 3. இயல்பான பலம் 5. நோயாளிகளுக்குப் பேருபகாரமான இவ்வளவுகோல் ஆரோக்கியசாலிகளிடத்தில் பயனற்றுப் போகிறது. ஏனெனில் மூட்டை சுமக்கும் தொழிலாளியும் கணக்கெழுதும் குமாஸ்தாவும் ஒருங்கே 5 பெறுவர். தொடைத் தசை போன்ற பெருந்தசைகள் தம் பலத்தில் கணிசமான பங்கை இழந்த பிறகும், பரிசோதகரின் கையை வென்று 5 என்றே பதிவாகிவிடுவதுண்டு.

ஆகவே கருவி அவசியமாயிற்று. பிரெஞ்சு நாட்டு எட்ம் ரெஞ்ஞே 1798-இல் ‘டைனமோமீட்டர்’ என்னும் விசைமானியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். சில ஆண்டுகளில் போதான் என்பவரின் தலைமையிலான கடற்பயணத்தில் அதை எடுத்துச் சென்ற இயற்கையியலாளர் பெரோன், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் ஐரோப்பியரைவிடப் பலம் குறைந்தவர்கள் என்று முடிவு கட்டினார். கருவியையே அதுவரை கண்டிராத மனிதர் சிலரை, பாஷையும் புரியாத நிலையில் அளந்துவிட்டு ஓர் இனத்தைப் பற்றியே தீர்ப்புக் கூறியது பெரும் அநீதி. பிரான்சிஸ் கால்டன் 1884-இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில், மூன்று பென்ஸ் கட்டணம் பெற்று 9,337 பேரை அளந்தபோது, பிடிபலமும் அவ்வளவுகளில் ஒன்றாயிருந்தது.

இன்று பிடிபலமே உடல் முழுவதற்குமான பலத்தின் சுருக்கக் குறியாகக் கொள்ளப்படுகிறது. பரிசோதிக்கப்படுபவர் நாற்காலியில் அமர்ந்து, மேற்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முழங்கையை 90 பாகை மடக்கி, ‘ஜாமர்’ விசைமானியைப் பற்றுகிறார். அதன் பிடியை ஐந்து அகலங்களில் பொருத்தலாம். பொதுவாக இரண்டாம் நிலையே கையாளப்படுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் பிடி அசைவதாகவே தோன்றாது. முள் மட்டும் ஏறி நிற்கும். மும்முறை அளந்து சராசரி காண்பது வழக்கம். முழங்கையின் கோணமோ பிடியின் அகலமோ மாறினால் அளவும் மாறிவிடுமாதலால், நிலை குறிப்பிடப்படாத எண்ணை மற்றோர் எண்ணோடு ஒப்பிடலாகாது.

இயல்பு என்பது ஓர் எண்ணன்று, ஒரு வீச்சு. பிரிட்டனில் நடந்த 12 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த கணக்கின்படி, முப்பது வயதையொட்டி உச்சத்தை எட்டும் பிடிபலத்தின் இடைநிலை அளவு ஆண்களுக்கு 51 கிலோகிராம், பெண்களுக்கு 31. நடுவயதுக்குப் பின் அது படிப்படியாகக் குறைகிறது. இவ்வளவுகளை அப்படியே நம்மவர்க்குப் பிரயோகித்தல் தகாது. பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வில் தெற்காசியரின் சராசரி ஐரோப்பியருடையதைவிடத் தாழ்வாகவே காணப்பட்டது. வயோதிகத் தசைநலிவைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு 2019-இல் விதித்த பிடிபல எல்லை ஆண்களுக்கு 28 கிலோகிராம், பெண்களுக்கு 18.

கருவிக்கு அப்பாற்பட்டது அளக்கப்படுபவரின் மனோபலம். இக்காய், ஸ்டைன்ஹவுஸ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1961-இல் எதிர்பாராத துப்பாக்கி வெடியோசைக்குப் பின் கைவிசை உயர்வதைக் காட்டினார்கள். ஒருவர் உண்மையாகவே முழுப்பலத்தையும் செலுத்துகிறாரா என்றறிய, அவர் முயன்றுகொண்டிருக்கும்போதே அத்தசையின் நரம்பில் மின்தூண்டல் கொடுக்கும் உபாயத்தை மெர்ட்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1954-இல் கையாண்டார்: விசை மேலும் எழுமாயின் முயற்சி முழுமையற்றது, எழாவிடில், தசையிடம் இருந்ததெல்லாம் வெளிப்பட்டுவிட்டதென்று கொள்ளலாம்.